எடைக்குப் போகும் ரேடியோ

புளியந்தோப்புப் பக்கம் ஒரு காயலான் கடை. வாசலில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி நின்றது. முகப்பில் கிழிந்த துணி, அதற்கு மேலே நீளமான கண்ணாடி டயல், நான்கு திருகுகள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். உள்ளே எட்டிப் பார்த்தால் வெறும் பலகை. உள்ளே இருந்ததெல்லாம் பக்கத்தில் கோணியின் மேல் கிடந்தது. கடை ஆள் ஒருவர் டிரான்ஸ்பார்மரைச் சுத்தியலால் பிளந்து செம்புக் கம்பியை உருவிக்கொண்டிருந்தார். ஸ்டீல் தகடு ஒரு குவியல், அலுமினியம் ஒரு குவியல், செம்பு தனி. சின்ன பல்பு மாதிரி இருக்கும் கண்ணாடி வால்வுகள் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில். பெட்டியை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். "அது ஈ.சி.ஆர். பக்கம் ஓட்டலுக்குப் போவுது சார். ஷோவுக்கு. உள்ள புளூடூத் வெச்சிடுவாங்க."

வடசென்னையில் பழைய ரேடியோ தேடி அலைகிற எல்லோரும் இப்படி ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். வயதாகிவிட்டதால் இந்த ரேடியோக்கள் சாவதில்லை. வயிற்றுக்குள் இருக்கும் செம்புக்கு ஒரு விலை, வெளியே இருக்கும் மரத்துக்கு ஒரு விலை. இரண்டும் சேர்ந்த முழு ரேடியோவுக்குத்தான் ஆள் இல்லை. ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். இங்கே ஆடையை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைத் தராசில் போடுகிறோம். உறுப்புகளைத் தாங்கும் உலோகத் தகடுதான் சேசிஸ்; அது இல்லாத கேபினெட் ஒரு அலமாரி. அதை மட்டும் வாங்கிப் பளபளப்பாக்கி வைப்பதைச் சேகரிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த ரேடியோக்கள் எங்கிருந்து வந்தன, எப்படி வேலை செய்கின்றன, எதனால் கெடுகின்றன என்று தெரிந்தால், தராசில் ஏறுவதற்கு முன்னால் சிலவற்றையாவது இறக்கிவிடலாம்.

தரையில் நிற்கும் ரேடியோ

மேசையில் வைப்பது டேபிள் செட். தன் காலில் தரையில் நிற்பது கன்சோல். 1920களின் தொடக்கத்தில் ரேடியோ என்றால் ஒரு மேசை நிறைய சாமான்: வால்வுகள் ஒரு பெட்டியில், பாட்டரிகள் தனியாக, கொம்பு மாதிரி ஸ்பீக்கர் இன்னொரு பக்கம். 1927 வாக்கில் வீட்டு ஏ.சி. மின்சாரத்திலேயே ஓடக்கூடிய வால்வுகள் அமெரிக்காவில் பரவலாயின. பாட்டரி ஒழிந்தது. மிச்சம் எல்லாவற்றையும் ஒரே மர அலமாரிக்குள் அடக்கிக் கூடத்தில் நிறுத்தினார்கள். ஆர்.சி.ஏ., பில்கோ, ஜெனித் போன்ற நிறுவனங்கள் 1930களில் இதில் ஒன்றோடு ஒன்று போட்டி போட்டன. 1935இல் ஜெனித் கொண்டுவந்த ஸ்டிராட்டோஸ்பியர் என்ற கன்சோலில் 25 வால்வுகள், 3 ஸ்பீக்கர்கள். விலை 750 டாலர். ஸ்காட் நிறுவனத்தின் பில்ஹார்மோனிக் 30 வால்வுகளோடு வந்தது. நம் ஊர் வீடுகளில் கண்டது பெரும்பாலும் 5, 6 வால்வு செட்டுகள்தான்.

பெட்டி பெரிதாக இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கும். முன்னும் பின்னும் கிளம்பும் அலைகள் சுற்றி வந்து சந்தித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அதில் முதலில் காணாமல்போவது தாழ்ந்த ஒலி. நடுவே அகலமான பலகை இருந்தால் அந்தச் சந்திப்பு தள்ளிப்போகும். கன்சோலின் முகப்புப் பலகை செய்யும் வேலை அதுதான். சின்ன பிளாஸ்டிக் டிரான்சிஸ்டரில் மிருதங்கம் கேட்டால் வலந்தலை மட்டும் டிக்டிக் என்று கேட்கும். கன்சோலில்தான் தொப்பிப் பக்கம் தெரியும். அந்த வித்தியாசத்தை ஒரு தடவை கேட்டவர் பெட்டிக்குள் புளூடூத் வைக்கமாட்டார்.

அந்தக் காலத்து ஸ்பீக்கர் இன்னொரு ஆச்சரியம். இப்போது ஸ்பீக்கர் என்றால் பின்னால் ஒரு நிரந்தரக் காந்தம் இருக்கும். 1930களில் அவ்வளவு வலுவான காந்தம் மலிவாகக் கிடைக்கவில்லை. ஆகவே ஆயிரக்கணக்கான சுற்றுக் கம்பி கட்டிய ஒரு காயிலை ஸ்பீக்கரின் பின்னால் வைத்து, ரேடியோவின் உயர் வோல்ட் மின்சாரத்தையே அதன் வழியாக ஓடவிட்டுக் காந்தமாக்கினார்கள். ஃபீல்டு காயில் என்று பெயர். இதில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: காந்தமும் ஆயிற்று, மின்சாரத்தின் உறுமலை வடிகட்டும் சோக்கும் ஆயிற்று. ஆனால் அந்த மெல்லிய கம்பி எங்கேயாவது ஓரிடத்தில் அறுந்தால் ஸ்பீக்கர் மட்டும் போகாது, முழு ரேடியோவும் ஊமையாகிவிடும்.

போருக்குப் பிறகு கன்சோல் தன் உருவத்தை மாற்றிக்கொண்டது. நீண்ட நேரம் ஓடும் எல்.பி. இசைத்தட்டு வந்ததும், ரேடியோவும் கிராமபோனும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் ரேடியோகிராம் பரவலாயிற்று. எச்.எம்.வி., மர்பி, பிலிப்ஸ், டெலிபுங்கன், குருண்டிக் என்று சென்னையில் இன்றைக்கும் ஏதாவது ஒரு வீட்டுப் பரணிலிருந்து இறங்கி வருவது பெரும்பாலும் இந்த வகைதான்.

வடசென்னைக்கு எப்படி வந்தது

சென்னையில் ஒலிபரப்பு ஆல் இந்தியா ரேடியோவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே மாதம் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அதே வருடம் ஜூலை 31 அன்று 40 வாட் டிரான்ஸ்மிட்டரோடு ஒலிபரப்பு ஆரம்பித்தது. இன்றைக்கு ஒரு குண்டு பல்பின் அளவு சக்தி! பணம் போதாமல் 1927இல் கிளப் மூடப்பட்டது. டிரான்ஸ்மிட்டரை வாங்கிக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16இல் ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் வந்தபிறகுதான் அது நின்றது. ஆக, 1930களின் கன்சோல் ஒன்று இங்கே கிடைத்தால், உள்ளூர் நிலையத்தைக் கேட்கவே அது வாங்கப்பட்டிருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது.

ஆனால் யார் வாங்கியிருப்பார்கள்? பெரம்பூர், வியாசர்பாடித் தொழிலாளர் வீடுகளில் இதை வைக்க இடமும் கிடையாது, வாங்கப் பணமும் கிடையாது. பி அண்ட் சி மில் சங்கு ஊதி வெளியே வந்தவர்கள் பாட்டுக் கேட்டது டீக்கடையிலும் சலூனிலும் படிப்பகத்திலும்தான். அங்கே இருந்ததெல்லாம் டேபிள் செட். கன்சோலும் ரேடியோகிராமும் இருந்த வீடுகள் வேறு: சவுகார்பேட்டை வியாபாரிகளின் மாடி வீடுகள், ராயபுரத்துப் பழைய பங்களாக்கள், பெரம்பூரிலும் வேப்பேரியிலும் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், ரயில்வே அதிகாரிகளின் குவாட்டர்ஸ். துறைமுகம் பக்கத்திலேயே இருந்ததும் ஒரு காரணம். கப்பலில் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்த ஜெர்மன் செட்டுகள் ராயபுரம், காசிமேடு வீடுகளில் இப்போதும் தென்படுகின்றன.

வந்தது ஒரு கதை, வெளியேறியது இன்னொரு கதை. 1947க்குப் பிறகு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒன்றொன்றாக இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போயின. பியானோ, ஊஞ்சல் நாற்காலி, ரேடியோகிராம் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் இவற்றில் பலவற்றை விழுங்கியது. அந்தச் சிவப்புக் கட்டடம் 1985 மே 30 அன்று தீயில் போனது. வியாபாரிகள் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். அன்றைக்கு எரிந்தவற்றில் எத்தனை ரேடியோ இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. வீடுகளிலிருந்து இவை வெளியேற இன்னொரு காரணம், 1975 ஆகஸ்ட் 15இல் சென்னையில் தொடங்கிய தொலைக்காட்சி. கூடத்தில் ரேடியோ நின்ற மூலையை டி.வி. ஸ்டாண்டு எடுத்துக்கொண்டது. ரேடியோ பரணுக்குப் போனது. அதற்கு மேல் அலமாரி மாதிரிப் பயன்பட்டு, துணி அடுக்கி, கடைசியில் பழைய பேப்பர்காரரிடம்.

எது அபூர்வம்

சேகரிப்பவர்களிடம் மாடல் எண் மயக்கம் அதிகம். வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டு 'இது ரேர், அது காமன்' என்று பேசுகிறார்கள். அந்தப் பட்டியல் சிகாகோவுக்குச் சரி. அங்கே எளிதாகக் கிடைக்கும் ஒரு பில்கோ, கடற்காற்றையும் கரையானையும் எலியையும் 230 வோல்ட்டையும் தாண்டித் தன் சொந்த வால்வு, சொந்த ஸ்பீக்கர், சொந்தத் திருகுகளோடு ராயபுரத்தில் நின்றால், அது இங்கே அபூர்வம். உறுப்பு மாறாமல் இருப்பதுதான் என் கணக்கில் முதல் மதிப்பு. பெயர் இரண்டாவது.

இந்தக் கணக்கில் யாரும் கண்டுகொள்ளாத ஒன்றும் அபூர்வம்: 'அசெம்பிள் செட்'. வெளிநாட்டு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த காலத்தில் உள்ளூர் மெக்கானிக்குகளே காயில், டிரான்ஸ்பார்மர், வால்வு எல்லாம் தனித்தனியாக வாங்கி, சேசிஸைத் தாங்களே துளைபோட்டு, ஆசாரியிடம் சொல்லித் தேக்கில் பெட்டி செய்து விற்றார்கள். அதற்குக் கம்பெனிப் பெயர் இருக்காது. சேசிஸின் அடியில் பென்சிலால் ஒரு தேதி இருந்தால் உண்டு. மரவேலை சில சமயம் வெளிநாட்டுப் பெட்டியைவிட உறுதி. வெளிநாட்டுப் பெட்டி பிளைவுட்டின்மேல் ஒட்டிய வால்நட் வினியர் என்ற மெல்லிய மரத்தகடு, இது முழு மரம். எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பதாலேயே இவை முதலில் தராசுக்குப் போகின்றன.

பெட்டியை வாங்கும்போது பின்பலகையைக் கழற்றி அடியில் ஒரு கை துழாவிப் பாருங்கள். அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். ஒவ்வொரு வருடமும் அஞ்சல் அலுவலகத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். எண்பதுகளில்தான் அது ஒழிந்தது. அந்த லைசென்ஸ் புத்தகத்தைப் பலர் ரேடியோவுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். முகவரி, செட்டின் பெயர், வருடவாரியாக அஞ்சலக முத்திரை என்று ஒரு ரேடியோவின் சரித்திரமே அதில் இருக்கும். அது கிடைத்தால் ரேடியோவை விட்டுப் பிரிக்காதீர்கள்.

பிளக்கைச் சொருகுவதற்கு முன்னால்

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அயனாவரத்தில் அவர் வீட்டுத் திண்ணைதான் பட்டறை. எந்த ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: "பிளக்குல சொருவிப் பாத்துட்டியா?" ஆமாம் என்றால் முகம் சுருங்கிவிடும். "முப்பது வருசம் பசியில கெடந்தவனுக்கு மொத வாயே பிரியாணியா குடுப்ப?"

அவர் சொன்னதற்குப் பின்னால் அறிவியல் இருக்கிறது. மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் உறுப்பு கண்டன்சர். ரேடியோவுக்குள் அதில் இரண்டு வகை வில்லன்கள். ஒன்று, மின்சாரத்தைச் சமன்படுத்தும் எலக்ட்ரோலைட்டிக். அதன் உள்ளே அலுமினியத் தகட்டின்மேல் படிந்த மெல்லிய ஆக்சைடு படலம்தான் காப்பு. பல வருடம் மின்சாரம் படாமல் கிடந்தால் அந்தப் படலம் கரைந்துபோகும். திடீரென்று முழு வோல்ட்டும் கொடுத்தால் கண்டன்சர் ஷார்ட்டாகி, ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிபையர் வால்வையும் மெயின் டிரான்ஸ்பார்மரையும் கூட்டிக்கொண்டு போய்விடும். டிரான்ஸ்பார்மர் எரிந்த ரேடியோவைத்தான் சரிபண்ண முடியாது என்று எடைக்குப் போடுகிறார்கள். அதாவது, வேலை செய்கிறதா என்று பார்க்க ஆசையாகச் சொருகிய அந்த ஒரு நிமிடம்தான் பல ரேடியோக்களுக்கு எமன்.

இரண்டாவது, மெழுகு பூசிய காகிதக் கண்டன்சர். இதில் ஒன்றே ஒன்று மிக முக்கியம்: முதல் ஆடியோ வால்விலிருந்து அவுட்புட் வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட் என்ற முனைக்குப் போகும் வழியில் நிற்கும் 0.01 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர். ஒரு பக்கம் நூறு வோல்ட்டுக்கு மேல் டி.சி., மறுபக்கம் சைபர் இருக்க வேண்டும். பாட்டை மட்டும் விட்டு டி.சி.யைத் தடுக்கும் காவல்காரன் அது. காகிதம் ஈரம் இழுத்தால் காவல்காரன் தூங்கிவிடுவான். 10 மைக்ரோ ஆம்பியர் கசிந்தால் போதும். கிரிட்டில் இருக்கும் 470 கிலோ ஓம் ரெசிஸ்டரில் அது 4.7 வோல்ட்டாக நிற்கும். 6வி6 போன்ற வால்வின் கிரிட்டில் 4.7 வோல்ட் பிளஸ் ஏறினால் அது அளவுக்கு மீறிக் கரண்டை இழுக்கும். உள்ளே தகடு செக்கச்செவேல் என்று சிவக்கும். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரியும். ஐந்து ரூபாய்ச் சாமான், மொத்த ரேடியோவையும் கொன்றுவிடும். கடற்கரையோரமாக ஈரக்காற்றிலேயே வாழ்ந்த ரேடியோக்களில் இந்தக் கண்டன்சர் நல்லதாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

ஆகவே பெரியவரின் முறை இதுதான். முதலில் பின்பலகையைத் திறந்து தூசியை மாவுப் பிரஷ்ஷால் எடுப்பது. எலிக்கூடு இருந்தால் அதையும். பிறகு மெயின் ஒயர். அந்தக் காலத்து ரப்பர் ஒயரை வளைத்தாலே அப்பளம் மாதிரி நொறுங்கும். அதை மாற்றியபின் பின்பக்கத்து வோல்டேஜ் கட்டையைப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் செட்டுகளில் 200 முதல் 250 வரை தேர்வு செய்யும் கட்டை இருக்கும். இப்போதைய லைனுக்கு அதை உயர்ந்த பக்கம் வைப்பதுதான் நல்லது. அமெரிக்க செட் 110 வோல்ட் என்றால் ஸ்டெப் டவுன் இல்லாமல் பக்கத்தில்கூடப் போகக்கூடாது. காகிதக் கண்டன்சர்களையும் எலக்ட்ரோலைட்டிக்கையும் மாற்றாமல் சுவிட்ச் போடக்கூடாது. எல்லாம் ஆனபிறகு சீரியஸ் பல்பு: லைனுக்கும் ரேடியோவுக்கும் நடுவே 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக வைத்துக் கொடுப்பது. பல்பு கொஞ்சம் எரிந்து மங்கினால் நல்ல சேதி. பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். ஆனால் டிரான்ஸ்பார்மர் பிழைத்தது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. ரிச்சி தெருவிலும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலும் எங்கே குண்டு பல்பு கண்ணில் பட்டாலும் நான் நான்கு வாங்கி வைப்பது இதற்காகத்தான்.

கண்டன்சரை மாற்றினால் ரேடியோவின் உண்மைத்தன்மை போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது. பழைய கண்டன்சரை மெதுவாகச் சூடாக்கினால் மெழுகு இளகி உள்ளே இருப்பது வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். அந்தக் காலிக் குழாய்க்குள் புதிய 630 வோல்ட் கண்டன்சரை நுழைத்து மெழுகை ஊற்றி மூடினால், வெளித்தோற்றத்தில் 1938, உள்ளுக்குள் இன்றைய பாதுகாப்பு. நேரம் எடுக்கும். ஒரு செட்டுக்கு இரண்டு மூன்று நாள் மாலை நேரம் போய்விடும். ஆனால் பத்து வருடம் கழித்து யாராவது அந்த சேசிஸைத் திருப்பிப் பார்க்கும்போது, தொழிற்சாலையில் எப்படிக் கட்டினார்கள் என்பது அப்படியே தெரியும்.

வால்வைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். உண்மையில் வால்வு கெடுவது குறைவு. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்த வால்வுகள் இன்றும் பழைய கடைகளில் கிடைக்கின்றன. அவுட்புட் வால்வுகளில் 6வி6 போன்றவற்றை வெளிநாட்டில் இப்போதும் புதிதாகச் செய்கிறார்கள், கிடார் ஆம்ப்ளிஃபையர் புண்ணியத்தால். அலைவரிசை மாற்றும் 6ஏ8, யுசிஹெச்42 மாதிரி வால்வுகளைத்தான் யாரும் செய்வதில்லை. அவை போனால் இன்னொரு பழைய செட்டிலிருந்துதான் வரவேண்டும்.

அந்த வால்வு என்ன செய்கிறது என்பது தெரிந்தால் ஒரு பெரிய தவறைத் தவிர்க்கலாம். சென்னை ஏ நிலையம் 720 கிலோ ஹெர்ட்ஸ். திருகைத் திருப்பி அதில் நிறுத்தும்போது ரேடியோ தனக்குள்ளேயே 1175 கிலோ ஹெர்ட்ஸில் இன்னொரு அலையை உண்டாக்கிக்கொள்கிறது. இரண்டும் கலந்தால் வித்தியாசம் 455. எந்த நிலையத்தைப் பிடித்தாலும் இந்த வித்தியாசம் மாறாது. ஆகவே பிறகு வரும் காயில்கள் எல்லாம் 455ஐ மட்டும் பெருக்கினால் போதும். அமெரிக்காவின் ஆர்ம்ஸ்ட்ராங் 1918இல் கண்டுபிடித்த சூப்பர்ஹெட் முறை இது. அந்தக் காயில்கள் அலுமினிய டப்பாக்களுக்குள் இருக்கும். தலையில் சின்னத் திருகு. 'சத்தம் குறைவா இருக்கே' என்று ஸ்குரூ டிரைவர் எடுத்து அந்தத் திருகைத் திருப்புவதைப்போல் ஒரு பாவம் இல்லை. தொழிற்சாலையில் கருவி வைத்துச் சரிசெய்தது அது. கண்டன்சரை மாற்றியபின் பெரும்பாலும் அதைத் தொடவே தேவையிருக்காது.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 'ஏ.சி./டி.சி.' என்று எழுதிய செட்டுகளில் மெயின் டிரான்ஸ்பார்மரே கிடையாது. ஊருக்கு ஊர் மின்சாரம் வேறாக இருந்த காலத்துக்காகச் செய்தவை. யு என்ற எழுத்தில் தொடங்கும் வால்வு வரிசை இருந்தால் இது அந்த வகை என்று வைத்துக்கொள்ளலாம். இவற்றில் சேசிஸே நேரடியாக லைனில் இருக்கும். பிளக் மாறிச் சொருகினால் இரும்புத் தகடு முழுக்க 230 வோல்ட். திருகின் பிடி கழன்று உலோகத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் குழந்தைகள் பக்கத்தில் வரவே கூடாது.

மரமும் கண்ணாடியும்

உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதுதான் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. பழைய பெட்டிகளின் வினியர் வஜ்ஜிரத்தில் ஒட்டியது. ஈரம் பட்டால் வஜ்ஜிரம் இளகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னை மிதந்தபோது, வியாசர்பாடியில் ஒரு வீட்டில் முழங்கால் தண்ணீரில் இரண்டு நாள் நின்ற ஒரு ரேடியோகிராம் பிறகு என்னிடம் வந்தது. பிளைவுட் புத்தகம் மாதிரித் தாள் தாளாகப் பிரிந்திருந்தது. வீட்டுக்காரர் நல்லெண்ணத்தில் அதை மொட்டை மாடி வெயிலில் வைத்திருந்தார். பிரிந்த தாள்கள் சுருண்டும் போயிருந்தன. நனைந்த பெட்டியை நிழலில்தான் காயவைக்க வேண்டும், வாரக்கணக்கில். டிரான்ஸ்பார்மரைத் தனியாகக் கழற்றி, ஒரு பல்பு எரியும் மூடிய பெட்டிக்குள் வைத்து மெல்லச் சூடேற்ற வேண்டும். பிறகு மின்காப்பை அளக்கும் மெக்கர் மீட்டர் வைத்துப் பார்த்தபின்தான் மின்சாரம். அந்த வஜ்ஜிரத்தின் இளகும் குணத்தில் ஒரு நன்மையும் உண்டு: சின்ன இடத்தில் வினியர் எழும்பியிருந்தால் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியை மெதுவாக அழுத்தினாலே பழைய வஜ்ஜிரம் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

உப்புத்தாள் போட்டு முழுப்பெட்டியையும் தேய்த்துப் புது பாலிஷ் அடிப்பதை நான் எதிர்க்கிறேன். வினியர் தகடு மெல்லியது. ஓரங்களில் இரண்டு தேய்ப்பில் வெள்ளை மரம் தெரிந்துவிடும். பழைய பூச்சைச் சுத்தம் செய்து, போன இடத்தில் மட்டும் அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் பஞ்சுத் துணியால் கைப்பட ஏற்றினால் போதும். காசிமேட்டில் படகு வேலை பார்த்த ஒரு ஆசாரி எனக்கு இதைச் செய்து தருகிறார். கண்ணாடி மாதிரிப் பளபளக்கவில்லை என்று முதலில் வருத்தப்பட்டார். பிறகு அவரே, "இது பெரியவங்க முகம் மாதிரி இருக்கட்டும், மேக்கப் வேணாம்" என்றார்.

டயல் கண்ணாடி விஷயத்தில் நான் செய்த தவறை மறக்கவே முடியாது. டெலிபுங்கன் ஒன்று. டயலின் பின்பக்கம் தூசி அப்பியிருந்தது. ஈரத்துணியால் ஒரே ஒரு இழுப்பு. துணியைத் திருப்பிப் பார்த்தால் பொன் நிறத்தில் எழுத்துகள்: கொழும்பு, டெல்லி, சைகோன் எல்லாம் துணியில் இருந்தன. கண்ணாடியில் வெற்றிடம். அந்த எழுத்துகள் பின்பக்கத்திலிருந்து அச்சடித்தவை; பத்து இருபது வருடம் கழித்து அவை கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருப்பதே அதிசயம். டயலின் பின்பக்கத்தை மென்மையான உலர்ந்த பிரஷ்ஷைத் தவிர எதாலும் தொடாதீர்கள். தண்ணீர் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். கொழும்பு என்ற அந்தப் பெயருக்காகத்தான் அந்த ரேடியோவை யாரோ ஒருவர் வாங்கியிருப்பார். ஆல் இந்தியா ரேடியோ சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்திருந்த ஐம்பதுகளில் ஊரே இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பி வைத்திருந்தது. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கியதே அதற்குப் பதிலாகத்தான்.

கேட்பது

எல்லாம் சரியாகி முதல் தடவை சுவிட்ச் போடும்போது உடனே சத்தம் வராது. வால்வு சூடாக அரை நிமிடம் ஆகும். மேஜிக் ஐ இருக்கும் செட் என்றால் அந்தப் பச்சைக் கண் மெல்ல மெல்ல விரியும். நிலையம் சரியாகப் பிடிபடும்போது அதன் நிழல் குறுகும். 1935இல் 6இ5 என்ற வால்வாக வந்த இந்தக் கண், எரிய எரிய மங்கும். ஆகவே நல்ல பச்சையோடு ஒன்று கிடைத்தால் அதைத் தனிச் சொத்தாகவே பார்க்க வேண்டும்.

இன்றைக்கு இந்த ரேடியோக்களின் பெரிய பிரச்சினை பழுது அல்ல, சுற்றியிருக்கும் இரைச்சல். எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே மீடியம் வேவில் கரகரவென்று கத்துகின்றன. பெரம்பூரில் என் வீட்டில் மாலையில் ஒன்றும் கேட்காது. இரவு பத்தரைக்கு மேல் தெரு அடங்கினால் 720 தெளிவாக வரும். மொட்டை மாடியில் முப்பது அடி செம்புக் கம்பி ஏரியலாகக் கட்டி, நல்ல எர்த்தும் கொடுத்தால் பாதி இரைச்சல் குறையும். முன்பு எர்த்தைத் தண்ணீர்க் குழாயில் கட்டுவார்கள். இப்போது குழாய் பிளாஸ்டிக், ஆகவே தனியாகக் கம்பி இறக்க வேண்டியிருக்கிறது. சிற்றலை பெரும்பாலும் அமைதியாகிவிட்டது. பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017இல் நின்றபோது, அதற்காகவே டயலில் ஒரு இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

அப்படியானால் உள்ளே புளூடூத் வைப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். பழைய செட்டுகளில் பலவற்றின் பின்பக்கம் 'பிக்கப்' என்று இரண்டு துளை இருக்கும், கிராமபோனை இணைக்க. டிரான்ஸ்பார்மர் உள்ள செட் என்றால் போனின் பாட்டை ஒரு ஒயர் மூலம் அதில் கொடுத்துவிடலாம். ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டாம். பாட்டு போனிலிருந்து வரும். குரல் அந்த வால்வின் குரலாக, அந்தப் பெரிய பலகையின் குரலாக வரும். ஏ.சி./டி.சி. செட்டில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. காரணம் மேலே சொன்னதுதான். இந்த இரண்டு துளையைக் காட்டியே கொளத்தூரில் ஒரு காப்பிக் கடைக்காரரிடமிருந்து ஒரு மர்பி செட்டின் உள்ளுறுப்புகளைக் காப்பாற்றினேன். ரம்பத்தை எடுத்து வைத்துவிட்டார்.

ஃபீல்டு காயில் அறுந்த செட்டுகளுக்கு நிரந்தரக் காந்த ஸ்பீக்கர் போட்டு ஒப்பேற்றுவதுதான் வழக்கம். நானும் முன்பு செய்திருக்கிறேன். இப்போது ஓட்டேரியில் மோட்டார் வைண்டிங் கடை ஒன்றில் தலைமுடி மாதிரிக் கம்பியில் திரும்பக் கட்டித் தருகிறார்கள். ஃபேனும் மிக்ஸியும் பம்பும் கட்டுகிற கைகள் அவை. முதலில் மறுத்தார்கள். பழைய காயிலைப் பிரித்துச் சுற்றுகளை எண்ணும் வேலையை நானே செய்து, கம்பியின் கனத்தையும் ஓமையும் தாளில் எழுதிக் கொடுத்தபிறகு ஒப்புக்கொண்டார்கள். சுற்றி முடித்து மீட்டர் வைத்தபோது 1,480 ஓம் காட்டியது, வேண்டியிருந்தது 1,500.

புளியந்தோப்பு கடையில் அன்றைக்குப் பெட்டியை வாங்க முடியவில்லை; ஓட்டல்காரர் முன்பணம் கொடுத்துவிட்டார். டிரான்ஸ்பார்மர் ஏற்கெனவே பிளந்தாயிற்று. பெயின்ட் டப்பாவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஐந்து வால்வில் ஒன்றின் கண்ணாடி விரிசல், ஒன்றில் ஹீட்டர் இல்லை. மிச்சம் மூன்றும் நல்லவை. அதில் இருந்த 6கே7 இப்போது பெரம்பூரில், லைசென்ஸ் புத்தகத்தோடு கிடைத்த ஒரு ஆர்.சி.ஏ. கன்சோலில் இருக்கிறது. டயலில் பழைய வீட்டுக்காரர் யாரோ 720க்கு மேல் இட்ட மெல்லிய கீறல் ஒன்று இருக்கிறது. முள் அங்கேதான் நிற்கிறது.